மராத்தி இலக்கியத்தை இரண்டிரண்டாகப் படிப்பது எப்படி?

தமிழ் வாசகருக்கு மராத்தி இலக்கியம் முற்றிலும் அயலானதன்று. வி.ஸ. காண்டேகரின் நாவல்களைக் கா.ஸ்ரீ.ஸ்ரீ.யின் மொழிபெயர்ப்பில் ஒரு தலைமுறையே விழுந்து விழுந்து வாசித்தது. ‘கிரௌஞ்ச வதம்’, ‘கருகிய மொட்டு’ என்ற பெயர்களைக் கேட்டதும் பழுப்பேறிய வாடகை நூலகப் பிரதியொன்று நினைவுக்கு வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த நெருக்கம் காண்டேகரோடு ஏறக்குறைய நின்றுபோயிற்று. பல ஆண்டுகள் கழித்துத் தலித் தன்வரலாறுகள் வழியாக மராத்தி மீண்டும் நம் பேச்சில் நுழைந்தபோது, இடையில் அங்கே என்ன நடந்தது என்பது பெரும்பாலோருக்கு வெற்றிடமாகவே இருந்தது. காண்டேகரும் தலித் கவிஞர் நாம்தேவ் தசாலும் எழுதியது ஒரே மொழியில்தான் என்பதை நம்புவதற்கே புதிய வாசகருக்குச் சற்று நேரம் பிடிக்கும்.

தொடங்குகிறவர்கள் வழக்கமாக ஓர் இலக்கிய வரலாற்றை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து வரப் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். 1857இல் வந்த பாபா பத்மன்ஜியின் ‘யமுனா பர்யடன்’ முதல் நாவல், கேசவசுதர் (1866–1905) நவீனக் கவிதையின் முன்னோடி, ஹரி நாராயண் ஆப்டே சமூக நாவலுக்கு வழி திறந்தவர் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே போய், இருபதாம் நூற்றாண்டுக்குள் கால் வைக்குமுன் களைத்து மூடிவைத்தேன். எனக்குப் பலன் தந்த முறை பிறகுதான் கிட்டியது. ஒரு நூலைப் படித்து முடித்ததும், அதே களத்தில் வேறொரு இடத்தில் நின்று அதை மறுக்கிற, அல்லது அது பார்க்காமல் விட்டதைப் பார்க்கிற இன்னொரு நூலை உடனே எடுத்துவிட வேண்டும். இரண்டாவது ஆசிரியர் முதலாமவரை மனத்தில் வைத்து எழுதியிருக்க வேண்டும் என்பதில்லை. சேர்த்துப் படிப்பவர் கண்ணுக்கு அந்த வாதம் தானாகவே தெரியும்.

இந்த முறை மராத்திக்குக் குறிப்பாகப் பொருந்துவதற்குக் காரணம் உண்டு. ‘யார் பேசலாம், யாருடைய மொழியில் பேசலாம்’ என்ற வழக்கு அந்த இலக்கியத்தில் ஒன்றரை நூற்றாண்டாக ஓயவில்லை. 1878இல் புனேயில் தொடங்கிய நூலாசிரியர் மாநாடுதான் இன்றைய அகில இந்திய மராத்தி சாகித்திய சம்மேளனத்தின் வேர். 1885இல் மீண்டும் அந்த மாநாடு கூடியபோது அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரானடே அனுப்பிய அழைப்பை ஜோதிராவ் பூலே ஏற்கவில்லை. மனித உரிமைகளை எல்லாருக்கும் மனமாரத் தர மறுக்கிறவர்களின் சபையோடும் நூல்களோடும் எங்கள் சபைகளும் நூல்களும் சேரமாட்டா என்பது அவருடைய பதிலின் சாரம். அந்தப் பதிலை முதலில் மனத்தில் இருத்திக்கொண்டால், கீழே வரும் ஒவ்வொரு இணையும் ஏன் இணையானது என்பது எளிதில் விளங்கும்.

முதலில் பெயர்கள்

மராத்தி வாசகர்கள் எழுத்தாளர்களை முதலெழுத்துகளால் அழைப்பார்கள். பு.ல. என்றால் புருஷோத்தம் லக்ஷ்மண் தேஷ்பாண்டே, ஜி.ஏ. என்றால் குல்கர்ணி, க.தி.மா. என்றால் ‘கீத ராமாயண’த்தை எழுதிய மாட்கூள்கர். தி.ஜா.வும் கு.ப.ரா.வும் புழங்கும் நமக்கு இது சிரமமாகாது. கவிஞர்களுக்குப் புனைபெயர் மரபு வலுவானது: குசுமாக்ரஜர் என்பவர் வி.வா. ஷிர்வாட்கர், நாடகம் எழுதும்போது சொந்தப் பெயரிலும் கவிதைக்குப் புனைபெயரிலும் வருவார். இரண்டும் ஒருவரே என்று தெரியாமல் நூலகப் பட்டியலில் தடுமாறுவது புதியவர் எல்லாருக்கும் நேர்வது. அவர் பிறந்த பிப்ரவரி 27ஆம் நாளைத்தான் மராத்தி மொழி நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

முதல் இணை: ‘யயாதி’யும் ‘கோஸலா’வும்

தெரிந்த வாசலிலிருந்தே நுழையுங்கள். காண்டேகரின் ‘யயாதி’ 1959இல் வெளிவந்தது, தமிழிலும் உண்டு. ஞானபீடப் பரிசு மராத்திக்கு முதன்முதலாக வந்தது காண்டேகர் வழியாகத்தான், 1974இல். பாரதக் கதையின் அரசன், தேவயானி, சர்மிஷ்டை ஆகியோர் மாறி மாறித் தத்தம் தரப்பைச் சொல்லுகிறார்கள். வாக்கியங்கள் உவமை சுமந்து, மெருகேறி, மேற்கோளாக எடுத்தாளத் தோதாக நிற்கின்றன. இலட்சியமும் இச்சையும் மோதும் அந்த உலகில் ஒருவரும் சலிப்படைவதில்லை, ஒருவரும் பேச்சைப் பாதியில் விடுவதில்லை.

அதை முடித்த கையோடு பாலச்சந்திர நேமாடேயின் ‘கோஸலா’வை எடுங்கள். நான்கே ஆண்டு தள்ளி, 1963இல், இருபத்தைந்து வயது இளைஞர் எழுதி வெளியிட்ட நாவல் அது. கான்தேசத்துச் சிற்றூரிலிருந்து புனேக் கல்லூரிக்குப் போய், ஒன்றும் சாதிக்காமல் ஊர் திரும்பும் பாண்டுரங்க சாங்கவீகர் என்பவன் கதை சொல்கிறான். ‘உதாரணத்துக்கு’, ‘வகையறா’ என்ற இரண்டு சொற்களைப் பொருந்தாத இடங்களிலெல்லாம் போட்டுப் பேசுவான். முதலில் அது விளையாட்டாகத் தோன்றும். போகப் போக, எதையும் உறுதியாகச் சொல்ல முடியாத, உயர்ந்த மொழியில் நம்பிக்கையற்ற ஒருவனின் மூச்சு அதுதான் என்று தெரியவரும். அவனுடைய சிறு தங்கை அம்மை கண்டு இறக்கும் பகுதியில் அந்தச் சொற்களும் அவனைக் காப்பாற்றுவதில்லை. காண்டேகர் அந்த மரணத்தை எழுதியிருந்தால் வாசகர் அழுதிருப்பார். நேமாடே எழுதியதைப் படித்தவருக்கு வெகு நேரம் பேச்சு வராது. இரண்டில் எது சிறந்தது என்று உடனே தீர்ப்பெழுத வேண்டியதில்லை, ஆனால் எனக்கு ‘கோஸலா’தான் என்பதை மறைக்கவும் வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் சுதாகர் மராத்தேயின் மொழிபெயர்ப்பு கிடைக்கிறது. பிற்காலத்தில் நேமாடே ‘தேசீவாதம்’ என்று, இலக்கியம் சொந்த மண்ணின் மரபில் வேரூன்ற வேண்டும் என்னும் ஒரு கொள்கையை வகுத்து அதற்காகப் பெரும் சண்டைகள் போட்டார். 2014ஆம் ஆண்டுக்கான ஞானபீடமும் பெற்றார். அந்தச் சண்டைகளைத் தொடக்கத்தில் ஒதுக்கிவிட்டு நாவலை மட்டும் படிப்பது நல்லது.

இரண்டாம் இணை: ஊரின் இரண்டு முகங்கள்

இந்த இணையில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். வெங்கடேஷ் மாட்கூள்கரின் ‘பன்கர்வாடி’ சிறிய நாவல். இரண்டு மாலைகளில் முடிந்துவிடும். மழை குறைந்த மாண்தேசத்தில், பழைய ஔந்த் சமஸ்தானத்துக்கு உட்பட்ட ஆட்டிடையர் குடியிருப்பொன்றுக்கு ஓர் இளம் பள்ளி ஆசிரியன் வேலைக்கு வருகிறான். பிள்ளைகள் ஆடு மேய்க்கப் போய்விடுவதால் பள்ளியில் ஆளில்லை. ஊர்ப் பெரியவரான கார்பாரியின் துணையால் மெல்ல ஊர் அவனை ஏற்கிறது. அவன் பேச்சைக் கேட்டு எல்லாரும் உடலுழைப்புத் தந்து ஓர் உடற்பயிற்சிக் கூடம் கட்டுகிறார்கள். ராஜாவே வந்து பார்க்கிறார். பிறகு மழை பொய்க்கிறது. ஆடுகள் சாகின்றன, குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்புகின்றன, கடைசியில் கற்பிக்க யாருமில்லாத ஆசிரியனும் கிளம்புகிறான். ஓவியம் வரையத் தெரிந்தவர் மாட்கூள்கர் என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும். ஒரு முகத்துக்கு இரண்டு கோடு, ஒரு வெயிலுக்கு ஒரு வாக்கியம், அவ்வளவுதான். நேஷனல் புக் டிரஸ்ட் இதைத் தமிழிலும் கொண்டுவந்தது. மாவட்ட மைய நூலகங்களின் மொழிபெயர்ப்பு அடுக்கில் தேடிப் பாருங்கள்.

இதைப் படித்த கனிவு நெஞ்சில் இருக்கும்போதே தயா பவாரின் ‘பலுத’வைத் திறக்க வேண்டும். 1978இல் வெளிவந்த இந்தத் தன்வரலாற்றின் தலைப்பே ஒரு பொருளாதார ஏற்பாட்டின் பெயர். மகாராட்டிரக் கிராமங்களில் தச்சர், கொல்லர், குயவர், நாவிதர், மகார் எனப் பன்னிரு வகை ஊழியக்காரர்களுக்கு விளைச்சலிலிருந்து ஆண்டுக்கொருமுறை அளந்து தரப்படும் பங்குதான் பலுத. நம் களத்துமேட்டில் படியளந்ததை நினைத்துக்கொண்டால் கிட்டத்தட்டப் புரியும். மகாருக்கு அந்தப் பங்கோடு செத்த மாட்டை அகற்றும் கடமையும், ஊர்க்காரர் ஏவிய இடத்துக்கெல்லாம் ஓடும் கடமையும், இழிவும் சேர்ந்தே அளக்கப்பட்டன. நூலின் அமைப்பைக் கவனியுங்கள். படித்து வேலைக்குப் போன தயா பவார், ‘தக்டூ’ என்ற தம் பழைய பெயருக்குரிய மனிதனைச் சந்தித்து, அவன் சொல்லும் கதையைக் கேட்கிறார். நகரத்துக்கு வந்தவருக்குத் தம் சேரி வாழ்க்கையைத் ‘தான்’ என்று சொல்ல நா கூசுகிறது. அந்தக் கூச்சத்தையே வடிவமாக்கியிருக்கிறார். ‘பன்கர்வாடி’யில் ஊருக்கு வெளியிலிருந்து வந்தவன் ஊரை நேசிக்கிறான், ‘பலுத’வில் ஊரில் பிறந்தவன் ஊரைவிட்டு ஓடினாலும் ஊர் அவனை விடுவதில்லை. ஜெர்ரி பின்டோவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2015இல் வந்தது. இதைத் தொடர்ந்து லக்ஷ்மண் மானேயின் ‘உபரா’ (1980), சரண்குமார் லிம்பாளேயின் ‘அக்கர்மாஷி’ (1984) என்று வரிசையாகப் போகலாம். ஆனால் மூன்று தன்வரலாறுகளை ஒரே மாதத்தில் படித்தால் துயரங்கள் ஒன்றோடொன்று கலந்துபோய், ஒவ்வொருவரும் எழுதிய விதத்தின் வேறுபாடு கண்ணுக்குத் தப்பிவிடும். இடைவெளி விடுங்கள்.

மூன்றாவது இணை, உண்மையில் மூன்று நூல்கள்

சானே குருஜியின் ‘ஷ்யாமச்சீ ஆயீ’, அதாவது ‘ஷ்யாமின் அம்மா’, மகாராட்டிரத்தில் ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் தெரிந்த நூல். 1933இல் நாசிக் சிறையில் எழுதப்பட்டது. குளித்து முடித்த சிறுவன், ஈரக்காலில் மண் ஒட்டிவிடும் என்று அடம்பிடிக்க, அம்மா தன் சேலைத் தலைப்பை விரித்து அதன்மேல் கால் வைக்கச் சொல்லி, காலில் அழுக்குப் படாமல் பார்த்துக்கொள்வதுபோல் மனத்திலும் படாமல் பார்த்துக்கொள் என்கிறாள். இந்தக் காட்சியைச் சொல்லிக் கண்கலங்காத மராத்தியர் அரிது. இதே சானே குருஜி திருச்சிச் சிறையில் இருந்தபோது தமிழ் பயின்று திருக்குறளை மராத்தியில் பெயர்த்தவர் என்பதும் நாம் அறிந்துகொள்ள வேண்டியது.

மகன் எழுதிய அம்மாவுக்குப் பின், தன்னைத் தானே எழுதிய பெண்ணைப் படியுங்கள். லக்ஷ்மிபாய் திலக்கின் ‘ஸ்மிருதி சித்ரே’ 1934 முதல் 1937 வரை நான்கு பகுதிகளாக வந்தது. கணவர் கவிஞர் நாராயண் வாமன் திலக், 1895இல் கிறித்தவரானார். வைதீகக் குடும்பத்து மனைவி உடைந்துபோய்ப் பிரிந்திருந்து, பின் அவரிடம் திரும்பி, நாளடைவில் தாமும் மதம் மாறினார். இத்தனை பெரிய கதையை அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே சொல்கிறார். கணவரின் முன்கோபம், மறதி, கையில் காசு தங்காத தாராளம் எல்லாம் அடுக்களையில் அமர்ந்து பேசும் தொனியில் வருகின்றன. முறையான பள்ளிப் படிப்பு இல்லாதவரின் உரைநடை இது என்பதை நினைக்கும்போது வியப்பு கூடும். சாந்தா கோகலேயின் முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பைத் தேர்ந்தெடுங்கள்.

மூன்றாவதாக வருவது பேபி காம்பளேயின் ‘ஜிணம் ஆமுசம்’, ‘எங்கள் வாழ்வு’, 1986இல் நூலானது. பல்டண் ஊரில் சிறு மளிகைக்கடை நடத்திய அவர், அங்கே உட்கார்ந்தபடியே எழுதி, வீட்டார் கண்ணில் படாமல் பல ஆண்டுகள் ஒளித்துவைத்திருந்தார். தலைப்பில் உள்ள ‘எங்கள்’ என்ற சொல்தான் நூலின் உயிர். ‘நான்’ என்பது இங்கே மிகக் குறைவு. மகார் குடியிருப்பின் பெண்கள் கூட்டமாகத்தான் பசித்திருக்கிறார்கள், கூட்டமாகத்தான் அம்பேத்கரின் சொல்லைக் கேட்டு நிமிர்கிறார்கள். சொந்தச் சமூகத்து ஆண்களின் அடியையும் மாமியார்களின் கொடுமையையும் அவர் விட்டுவைக்கவில்லை.

நான்காவது இணையைச் சுருக்கமாக முடிக்கலாம்

பு.ல.வின் ‘பட்டாட்யாசீ சாள்’ (1958) மும்பையின் வரிசைக் குடித்தனக் கட்டடம் ஒன்றின் நடுத்தர வர்க்க மக்களைப் பற்றிய நகைச்சுவை நூல். அதைப் படித்துச் சிரித்த பிறகு, பாபுராவ் பாகூல் 1963இல் வெளியிட்ட தொகுப்பின் தலைப்புக் கதையான ‘நான் சாதியை மறைத்தபோது’ என்பதைப் படியுங்கள். ரயில்வே வேலை கிடைத்துக் குஜராத்துக்குப் போகும் இளைஞனுக்கு அங்கே தங்க இடமும் மரியாதையும் கிடைக்கின்றன, சாதி தெரியும்வரை. பு.ல.வின் கட்டடத்தில் எல்லாரும் ஒருவரையொருவர் ஏன் அவ்வளவு எளிதாகக் கேலி செய்துகொள்ள முடிந்தது என்று அப்போது புரியும்.

கவிதை

கவிதையில் மொழிபெயர்ப்பு பாதியைத்தான் தரும்; அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். பா.சீ. மர்டேகரின் ‘காஹீ கவிதா’ (1947) தொகுப்பில், ஈரப் பீப்பாய்க்குள் எலிகள் செத்துக்கிடக்கும் ஒரு கவிதை உண்டு. நிலவும் மலரும் வீரமும் பாடிவந்த மொழிக்கு அது பேரதிர்ச்சியாக இருந்தது; ஆபாசம் என்று அவர்மீது வழக்கும் நடந்தது. அடுத்த தலைமுறை மர்டேகரை ஏற்றுக்கொண்ட நிறுவனங்களையே எதிர்த்தது. மௌஜ் நிறுவனத்தின் ‘சத்யகதா’ மாத இதழில் வந்தால்தான் எழுத்தாளர் என்ற நிலை இருந்தபோது, 1969இல் சிற்றிதழ்க்காரர்கள் அந்த இதழை எரித்தார்கள். எதிர்ப்பாளர்களில் ஒருவரான ராஜா டாலே, மூன்றாண்டு கழித்துத் தலித் பேந்தர் இயக்கத்திலும் முன்னின்றார். இலக்கியச் சண்டையும் தெருச் சண்டையும் அங்கே ஒரே ஆட்களால் நடத்தப்பட்டன என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

அந்த 1972ஆம் ஆண்டிலேயே நாம்தேவ் தசாலின் ‘கோல்பிட்டா’ வந்தது. மும்பையின் பாலியல் தொழில் பகுதியொன்றின் பெயர் அது. முன்னுரை எழுதியவர் நாடகாசிரியர் விஜய் தெண்டுல்கர். அகராதிக்குள் வராத தெருச் சொற்களும் வசையும் சமஸ்கிருதமும் ஒன்றின்மேல் ஒன்று விழும் அந்தக் கவிதைகளை வாய்விட்டுப் படித்தால்தான் பிடிபடும். அதற்கு நேர் எதிர்த் தொனி அருண் கொலாட்கருடையது. ‘ஜேஜுரி’ என்ற தலத்துக்குப் போய்வந்ததைப் பற்றி முதலில் ஆங்கிலத்தில் நூலாக்கி (1976), காமன்வெல்த் கவிதைப் பரிசும் பெற்ற அவர், மராத்தியிலும் அதே அளவு பெரிய கவிஞர். புதியவர் ‘ஜேஜுரி’யில் தொடங்கலாம்; பதற்றமே இல்லாமல், கோவிலா மாட்டுத்தொழுவமா என்று தெரியாத ஒரு கல்கட்டடத்தைப் பார்த்துவிட்டு நகரும் கண் அது.

ஜி.ஏ. குல்கர்ணிக்கு இணை தேடாதீர்கள். தார்வாடில் ஆங்கிலப் பேராசிரியராக ஒதுங்கி வாழ்ந்து, சாகித்திய அகாதெமி விருதையும் திருப்பித் தந்த அவருடைய இருண்ட சிறுகதைகள் இந்த வழக்கில் எந்தத் தரப்பிலும் சேரமாட்டா. இந்த வழிகாட்டியின் முறை அவரிடம் பலிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நாடகம்

படிக்க இரண்டு பிரதிகள் போதும், மூன்றாவதைப் பார்க்கலாம். ஷிர்வாட்கரின் ‘நடசம்ராட்’ (1970) ஓய்வுபெற்ற நடிகர் கணபதராவ் பேல்வல்கரைப் பற்றியது. பிள்ளைகளிடம் அவமானப்பட்டு வெளியேறும் அவருக்கு நாடகம் நெடுக நீண்ட, கம்பீரமான வசனங்கள் உண்டு. தெண்டுல்கரின் ‘சாந்ததா! கோர்ட் சாலூ ஆஹே’ 1967இல் மேடையேறியது. பொழுதுபோக்காகத் தொடங்கும் போலி நீதிமன்றம், ஆசிரியை பேணாரேயின் அந்தரங்கத்தை உண்மையாகவே விசாரிக்கத் தொடங்கிவிடும். கடைசியில் அவள் நெடுநேரம் பேசுகிறாள்; மேடையில் மற்றவர்கள் உறைந்து நிற்க, அந்தப் பேச்சு பார்வையாளருக்கு மட்டுமே கேட்கிறது. அடுத்து அவருடைய ‘காஷீராம் கோத்வால்’ (1972). மனிதர்களே வரிசையாக நின்று திரையாகும் அந்த நாடகத்தைக் காணொளியில் பார்ப்பது படிப்பதைவிட மேல். அதில் எள்ளலாக வரும் மராத்திக் கீர்த்தன மரபுதான் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் கைபட்டு நம் ஹரிகதையாயிற்று என்று நினைத்துக்கொண்டு பார்த்தால் இன்னும் சுவை.

எழுத்தைக் கற்றல்

இவ்வளவு தூரம் வந்தவர்கள் மொழியையே தொட்டுப் பார்க்கலாம். நாகரி எழுத்து தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. நம் ‘ள’ மராத்தியில் அப்படியே உண்டு. கேட்பவரைச் சேர்த்தால் ‘ஆபண்’, சேர்க்காவிட்டால் ‘ஆம்ஹீ’. ‘நாம்’, ‘நாங்கள்’ என்று பழகிய தமிழருக்கு இதை விளக்கவே வேண்டாம். ‘ம்ஹணூன்’ என்ற சொல் நம் ‘என்று’ போலவே சொல்லுதல் என்னும் வினையிலிருந்து வந்து, காரணத்தையும் கூற்றையும் இணைக்கும். நூல் தலைப்புகளே உடைமை உருபைக் கற்றுத்தரும்: ‘ஷ்யாமச்சீ ஆயீ’ என்பதில் அம்மா பெண்பால் ஆகையால் ‘சீ’, நாவலாசிரியர் பெண்ட்சேயின் ‘காரம்பீச்சா பாபூ’ என்பதில் ஆண்பால் ஆகையால் ‘சா’.

அகராதிக்கு மோல்ஸ்வொர்த், 1857ஆம் ஆண்டுப் பதிப்பு இணையத்தில் இலவசமாகத் தேடும் வசதியோடு இருக்கிறது, கிராமத்துச் சொற்களுக்கு இன்றும் அதுவே துணை. சமகால எழுத்துக்குத் தீபாவளி மலர்கள். 1909இல் ‘மனோரஞ்சன்’ தொடங்கிவைத்த வழக்கம் இது. புதிய கதைகளும் பின்னர் நாவலாக வளரும் பகுதிகளும் இன்றும் முதலில் அங்கேதான் வருகின்றன. விளம்பரங்களுக்கு நடுவே ஒரு நல்ல கதையைத் தேடி எடுக்கும் பொறுமை மட்டும் வேண்டும்.

ஆனால் மலருக்குப் போகுமுன் ‘கோஸலா’வின் முதல் இரண்டு வாக்கியங்களை மூலத்தில் படித்துப் பாருங்கள். “மீ பாண்டுரங்க சாங்கவீகர். ஆஜ உதாஹரணார்த்த பஞ்சவீஸ் வர்ஷாஞ்சா ஆஹே.” மீ என்றால் நான், ஆஜ என்றால் இன்று, பஞ்சவீஸ் இருபத்தைந்து, ஆஹே என்றால் இருக்கிறேன். வர்ஷத்தோடு ஒட்டியிருக்கும் ‘சா’ எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கு இப்போது தெரியும்.